இறுதிப்போட்டியில் அதிகப் புள்ளி பெய்ஜ் எடுக்கவில்லை

"பெய்ஜ் பெக்கர்ஸ் தனி ஆளாக அடித்துத்தான் 2025இல் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பையை வென்றது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. சவுத் கரோலைனா பல்கலைக்கழக அணியை 82-59 என வீழ்த்திய அந்த இறுதி ஆட்டத்தில் சக வீராங்கனைகள் அஸி ஃபட், சாரா ஸ்ட்ராங் இருவரும் ஆளுக்கு 24 புள்ளி, பெய்ஜ் 17. சிறந்த வீராங்கனை விருதும் அஸிக்குத்தான். சரி, அதே தொடரில் ஓக்லஹோமாவுக்கு எதிராக 40 புள்ளி குவித்தவர் பெய்ஜ்தான், மறுக்கவில்லை. ஆனால் புள்ளியை மட்டும் வைத்து அவரை அணியின் தலைவி என்றால் பாதிக் கதை போய்விடும். முழங்கால் ஜவ்வு கிழிந்து 2022-23 பருவம் முழுக்க ஆடாமல் இருந்து, மீண்டு வந்தவர் அவர். இறுதிப்போட்டி முடியும் தறுவாயில் களத்தைவிட்டு வந்து, பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாரே, அப்போது இருவராலும் விலகவே முடியவில்லை.