பாண்டிச்சேரி 'பை' நிஜ ஆள் இல்லை

"பட்டேல் பையன் புலியோடு 227 நாள் கடலில் கிடந்து பிழைத்தது உண்மைக் கதை. தாவரவியல் பூங்காவில் அவர்கள் கூண்டு இருந்த இடத்தை இன்றும் பார்க்கலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். லைக்கும் குவிந்திருக்கிறது. அண்ணே, அது யான் மார்ட்டெல் 2001-ல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' நாவல்; அந்தப் பட்டேல் பையன்தான் அதில் வரும் 'பை'. 2002-ல் புக்கர் வாங்கியது. அது புனைகதைக்குத் தரும் பரிசு.

குழப்பத்துக்குக் காரணம் ஆசிரியரின் குறும்புதான். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு பெரியவர் தன்னிடம் இந்தக் கதையைச் சொன்னதாக முன்னுரையில் எழுதியிருப்பார். காபி ஹவுஸ் நிஜம், பெரியவர் கற்பனை. அந்த முன்னுரையே கதையின் ஒரு பகுதி. கடைசியில் வரும் ஜப்பான் அதிகாரிகளின் விசாரணையும் அப்படித்தான். பூங்காவும் நிஜம், 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது. பட்டேல் குடும்பத்தின் மிருகக்காட்சிசாலையை அதற்குள் கொண்டுவந்து வைத்தது நாவல். கடலூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூண்டைத் தேடி வராதீர்கள், மரங்களைப் பார்க்க வாருங்கள்.

"இருதய ஆண்டவர் கோயிலில்தான் பையன் கிறிஸ்தவத்தைக் கண்டான்" என்பதும் தப்பு. நாவலில் அது மூணாறில், விடுமுறைக்குப் போன இடத்தில் நடக்கிறது. இஸ்லாம்தான் பாண்டிச்சேரியில், ரொட்டி சுடும் ஒரு சூஃபியிடம். அவர் பெயரும், கடவுளே இல்லை என்னும் உயிரியல் ஆசிரியர் பெயரும் ஒன்றே: குமார். (மார்ட்டெல் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்!) அப்புறம் ஒருநாள் கடற்கரையில் பாதிரியார், இமாம், பண்டிதர் மூவரும் பெற்றோர் முன்னாலேயே "பையன் எங்களவன்" என்று மல்லுக்கு நிற்பார்கள்.

நாவலைப் படமாக்கியபோது படப்பிடிப்புக்குப் பாண்டிச்சேரி வந்தது மட்டும் உண்மை. கடல் காட்சிகள் தைவானில் கட்டிய தொட்டியில் எடுத்தவை.