முகூர்த்த நேரத்தை மயிரிழைக் கோட்டில் அச்சடிக்காதீர்கள்

தர்மபுரியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிற நண்பர்களுக்கும், பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது கைக்கு வருகிற பத்திரிகைகளில் ஒரு வகை எழுத்தை அடிக்கடி பார்க்கிறேன். நிற்கும் கோடு நல்ல தடிப்பு, அதைச் சேர்க்கும் கோடு மயிரிழை. மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் அப்படிப் பெரிதாகப் போட்டால் கொள்ளை அழகு. எனக்கு மிகவும் பிடித்த எழுத்து வகையும் அதுதான். ஆனால் அதே மயிரிழைக் கோட்டை எட்டு பாயின்ட் என்கிற பொடி அளவுக்குச் சுருக்கி, கோல்டு ஃபாயிலில் (தாளில் அழுத்தி ஒட்டும் தங்க நிற மெல்லிய தகடு) மண்டப முகவரியையும் முகூர்த்த நேரத்தையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த எழுத்து பிறந்ததே தாளையும் மையையும் நம்பித்தான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் என்ற அச்சுக்காரர் 1757ல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது, எழுத்துக்குப் பட்ட பாட்டை வழவழப்பான தாளுக்கும் கறுப்பு மைக்கும் பட்டார். சொரசொரப்பான தாளில் மெல்லிய கோடு நிற்காது. மை பரவினால் தடித்துவிடும், பரவாவிட்டால் நடுவில் அறுந்துவிடும். அவர் காட்டிய வழியில் இன்னும் தூரம் போனவர்கள் பாரிசில் அச்சுத் தொழில் செய்த டிடோ குடும்பமும், இத்தாலியில் பார்மா டியூக்கின் அச்சகத்தை 1768 முதல் நடத்திய ஜாம்பத்திஸ்தா பொடோனியும். பொடோனியின் எழுத்து மாதிரிப் புத்தகத்தை, அவர் இறந்த பிறகு 1818ல் அவருடைய மனைவி வெளியிட்டார். பொடோனி அச்சிட்ட பக்கங்களின் படங்கள் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். எழுத்தைச் சுற்றி எவ்வளவு வெள்ளை இடம் விட்டிருக்கிறார்! அந்த இடம் இல்லாமல் அந்த எழுத்து மூச்சு விடாது.

1990களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற அமெரிக்க ஃபேஷன் இதழுக்காக எழுத்துரு வடிவமைப்பாளர் ஜொனாதன் ஹோஃப்லர், டிடோ பாணியில் ஒரு எழுத்துருவைச் செய்தார். ஒரே வடிவத்தைப் பெரிதாக்கிச் சின்னதாக்கிக் கொள்ளுங்கள் என்று விட்டுவிடவில்லை. ஏழு அளவுகளுக்கு ஏழு விதமாக வரைந்தார். சின்ன அளவுக்கான வடிவத்தில் மெல்லிய கோடு அதற்கேற்பத் தடித்திருக்கும், அதனால் எந்த அளவிலும் கண்ணுக்கு ஒரே நளினம். நாம் இலவசமாக இறக்கிப் பயன்படுத்துகிற ப்ளேஃபேர் டிஸ்ப்ளே என்ற ஆங்கில எழுத்துரு 2011ல் வந்தது. அது தலைப்புகளுக்காக வரையப்பட்டது. அதை அடிக்குறிப்பு அளவில் போட்டுவிட்டு எழுத்துருவைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். என் கவலை முழுக்க இங்கேதான்.

ஓலையில் எழுத்தாணி கீறுகிற கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வராது. ஆங்கிலத்துக்கு அகன்ற முனைப் பேனாவும் கூர்முனைப் பேனாவும், எது தடிக்க வேண்டும், எது மெலிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தன. தமிழில் அதை வரைபவர்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். யோசிக்காமல் பொடோனி கணக்கை அப்படியே தமிழ் மேல் ஏற்றினால் என்ன ஆகும்? ‘ர’வின் கீழே இருக்கிற சாய்ந்த வாலை மயிரிழையாக்கிவிடுகிறார்கள். ஃபாயிலில் அந்த வால் ஒட்டாமல் போனால் மிஞ்சுவது வெறும் கால். பென்னாகரம் ‘பென்னாகாம்’ ஆகிவிடும். ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டால் அது ‘ன’வா ‘ண’வா என்று தடவிப் பார்க்க வேண்டும். நளினம் என்று புள்ளியையும் ஊசிமுனை அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். தமிழில் புள்ளி அலங்காரம் கிடையாது, போனால் எழுத்தே மாறிவிடும்.

இதைவிட மோசம், இடம் பத்தவில்லை என்று தமிழ் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவது. அகலத்தைக் குறுக்கும்போது நிற்கும் கோடு மட்டும் மெலிகிறது, படுத்த கோடு பழைய தடிப்பிலேயே இருக்கிறது. யாரும் வரையாத ஒரு தடிப்பு வேறுபாடு அங்கே தானாக முளைக்கிறது. ஓசூர் பக்கம் கடைப் பலகைகளில் ஆங்கிலப் பெயர் அழகான எழுத்தில் தாராளமாக உட்கார்ந்திருக்க, தமிழ் இப்படி நசுங்கி ஓரத்தில் நிற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பெயர்ப்பலகைக்கு அவ்வளவு செலவு செய்கிறவர், தமிழ் வரிக்கும் அதே கவனத்தைக் கொடுக்கலாமே.

பத்திரிகை பாலக்கோட்டுக்கும் அரூருக்கும் அதைத் தாண்டிய ஊர்களுக்கும் போகிறது. அங்கே அதைப் பிரித்துப் படிப்பது பெரும்பாலும் பெரியப்பாவும் அத்தையும். ‘எந்த மண்டபம், எத்தனை மணிக்கு’ என்பதுதான் அவர்களுக்குத் தேவை. பெயர்களைப் பெரிதாக, மயிரிழையும் தடிப்புமாக, ஆசை தீரப் போடுங்கள். சுற்றிலும் இடம் விடுங்கள். நாள், நேரம், இடம் மட்டும் தடிப்பு வேறுபாடு குறைந்த எழுத்தில், கறுப்பு மையில் வரட்டும். நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், மேலே உள்ள நளினமான பெயரோடும் சண்டை போடாது. அப்புறம், கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அச்சாகப் போகிற அளவிலேயே ஒரு தாளில் எடுத்து, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தமிழின் வளைவுகளிலிருந்தே தொடங்கி, தலைப்புக்கு ஒன்று, சின்ன வரிக்கு ஒன்று என்று அளவு பார்த்து வரைந்த தடிப்பு-மெலிவு எழுத்துரு ஒன்று நமக்கு வேண்டும். யாராவது அப்படி வரைந்துகொண்டிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். எங்கள் ஊர் அச்சகங்களில் ஃபாயில், ஸ்க்ரீன் பிரிண்டிங், ஆஃப்செட் மூன்றிலும் போட்டுப் பார்த்து, எந்தெந்த எழுத்து எங்கே அடைக்கிறது, எங்கே அறுகிறது என்று குறித்து அனுப்புகிறேன்.