ஊர் பெருத்தது, வழி சிறுத்தது

சென்னை மேடவாக்கத்தில் எங்கள் தெரு ஒரு சுவரில் போய் முட்டுகிறது. எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத்து மளிகைக் கடையில் தொங்கும் வாழைத்தார் தெரியும். நின்ற இடத்திலிருந்தே பேரம் பேசலாம். வாங்க வேண்டுமென்றால்? மெயின் ரோட்டுக்குப் போய், தண்ணீர் லாரிகளுக்கு வழிவிட்டு, ஊரைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு மனைப்பிரிவும் தனி நாடா? அடுத்த நகருக்குள் நுழைய விசா எடுக்க வேண்டுமா? மனை விற்கும் விளம்பரத்தில் மட்டும் ‘பஸ் நிறுத்தம் ஐந்தே நிமிடம்’. யாருக்கு, காக்கைக்கா?

2022-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். பேஷ்! இனி திருவள்ளூர் வரை முட்டுச்சந்து கட்டலாம். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரோ, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு போனில் என்னைத் திட்டுகிறார்.