கருப்புக் கொள்ளு மட்டும்தான் அசலா?

"கருப்புக் கொள்ளுதான் நாட்டு ரகம், பழுப்புக் கொள்ளு ஒட்டு ரகம், மரபணு மாற்றியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இரண்டும் ஒரே இனப் பயிர்தான். கொள்ளுப் பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டுவிடும். அதனால் ஒட்டு விதை தயாரிப்பதே பெரும்பாடு. மரபணு மாற்றிய கொள்ளுக்கு இந்தியாவில் அனுமதியும் கிடையாது.

நாட்டுக் கொள்ளை ஒரு கைப்பிடி முறத்தில் பரப்பிப் பாருங்கள். வைக்கோல் நிறம், செம்பழுப்பு, கருப்பு, புள்ளி போட்டது என்று கலந்தே கிடக்கும். நூறு விதை சேர்ந்தாலும் சுமார் 3 கிராம்தான், அதற்குள் இத்தனை வேறுபாடு! நிறத்தைத் தீர்மானிப்பவை தோலில் நிறமி சேர்வதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள். இன்னொன்று, விதைத்தோல் தாய்ச்செடியின் திசு. ஆகவே தோலின் நிறம் காட்டுவது தாய்ச்செடியின் மரபை, உள்ளே இருக்கும் கருவின் மரபை அல்ல.

சரி, கருப்பில் சத்து அதிகமா? தோலில் நிறமி கூடலாம். புரதமும் இரும்பும் ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் மாறும், அதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. தயவுசெய்து கருப்புதான் அசல் என்று நம்பிப் பழுப்பு விதையைக் கழித்துவிடாதீர்கள். வறட்சியைத் தாங்கும் குணம் அதில்கூட இருக்கலாம்.