சென்னையில் பட்டன், தென்காசியில் பேப்பர்

சென்னையில் இருந்துகொண்டு தென்காசி வீட்டுப் பிரிண்டரில் அப்பாவின் பென்ஷன் படிவத்தை எடுத்துவிடலாம் என்று நினைத்தது என் தப்புதான். இங்கே திரையில் அனுப்பியாச்சு என்று பச்சை டிக், அங்கே போனில் அம்மா, "ஒரு லைட்டு மினுக்குதுப்பா, வேற ஒண்ணும் வரல." கரண்ட் போய் வந்ததில் ரூட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கொடுத்துவிட்டது, 192.168.1.5 இப்போது 1.9, இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம், அதுவும் வீட்டுக் கணினிக்குள் ரிமோட்டில் நுழைந்து. முன்பு எங்கிருந்தும் இணையம் வழியாகவே வீட்டுப் பிரிண்டரில் எடுக்க கூகுள் கிளவுட் பிரிண்ட் என்று ஒன்று இருந்தது, அதுவும் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. சரி, முகவரியை மாற்றினால், நான் திரும்பத் திரும்ப அனுப்பி வரிசையில் முடங்கிக் கிடந்த ஏழும் மொத்தமாக வந்து விழுகிறது. ஏழு காப்பி! அதற்குள் அப்பா வாட்ஸ்அப்பில் வந்ததைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் காட்டி, பத்து ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.