சால்மன் குஞ்சுகளுக்கு உப்பு ஏற்றுகிறார்களா?

"நார்வே பண்ணைகளில் சால்மன் குஞ்சுகளைச் சுழலும் நீரில் வதைத்து, எடை கூட உப்புத் தண்ணீர் ஏற்றுகிறார்கள், அந்த உப்பு நம் உடம்புக்குத்தான் வரும்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தொட்டியில் நீர் சுழல்வது நிஜம். மற்றது தவறு.

ஆற்றில் முட்டையிலிருந்து வெளிவந்து கடலுக்குப் போகும் மீன் இது. ஓட்டத்தை எதிர்த்து நீந்துவது அதன் இயல்பு. விநாடிக்குத் தன் உடல் நீளம் அளவுக்கு நீந்தவிட்டால் குஞ்சுகள் நன்றாக வளர்வதை அங்குள்ள நோஃபிமா ஆய்வு நிறுவனம் கண்டிருக்கிறது. சுழற்சி கழிவையும் நடுவில் ஒதுக்கிவிடும். டீயைக் கலக்கினால் தூள் நடுவில் சேருமே, அதே கதை.

சரி, உப்பு? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உண்டு. நோஃபிமா 12, 22, 32 கிராம் என்று ஒப்பிட்டதில் நன்றாக வளர்ந்தவை 12 கிராமில் இருந்தவை. அதாவது, உப்பு குறைந்த நீரில்! மீனின் ரத்தத்தில் உள்ள உப்புச்செறிவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் உப்பைச் சமாளிக்க அது அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கடலுக்குப் போன பிறகும் மிகுதி உப்பைச் செவுள்கள் வெளியே தள்ளிவிடும், சதையில் தேங்காது.

நோஃபிமா இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். அந்த வீடியோ வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.