குரூ ஸ்வென்ட்சன் ஒரு விவசாயி

அமெரிக்காவில் 1870-இல் மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது, பண்ணை வீட்டு மனைவியின் தொழிலாக வழக்கமாக எழுதிக்கொண்டது, ‘வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்’ என்பதைத்தான். அதே ஆண்டு வேளாண்மைக்குத் தனிப் படிவமும் இருந்தது. எத்தனை ஏக்கர், எத்தனை கறவை மாடு, எத்தனை பவுண்டு வெண்ணெய் என்றெல்லாம் அதில் கேட்டார்கள். அதில் பண்ணைக்காரர் பெயர் என்ற இடத்தில் பெரும்பாலும் கணவனின் பெயர். வெண்ணெய் கணக்கில் ஏறியது, கடைந்தவள் ஏறவில்லை. இதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

குரூ ஸ்வென்ட்சனைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தக் கோபம் இன்னும் கூடிவிட்டது. நார்வேயின் ஹாலிங்டால் பள்ளத்தாக்கில் 1841-இல் பிறந்தவர். அந்த நாட்டில் உழக்கூடிய நிலமே மிகக் குறைவு. 1862-இல் கணவர் ஓலேயுடன் கப்பலேறி, அயோவா மாநிலத்தின் எம்மெட் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஊரில் இருந்த அப்பா அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பத்திரமாக இருந்ததால்தான் இன்று அவரைத் தெரிகிறது. எழுதாத, எழுத நேரமே கிடைக்காத எத்தனையோ பேர் தடமில்லாமல் போய்விட்டார்கள்.

கடிதங்களில் என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது பால் பற்றிய பகுதி. ஊரில் செய்ததுபோல இங்கே பாலை வைத்திருக்க முடியாது என்று முன்பு கேள்விப்பட்டபோது வியந்தாராம். வந்து பார்த்தால் கோடை வெயில் அப்படி. வெண்ணெயில் உப்புப் போடவேண்டும், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் ஊற்றி வைக்கவேண்டும். விட்டால் புழு வைத்துவிடும். உடனே விற்றால் பவுண்டுக்கு எட்டுப் பத்து சென்ட்தான், பெரிய லாபமில்லை. ஈத்தொல்லை வேறு. அதனால்தான் இங்கே யாரும் வீட்டுத் தேவைக்கு மேல் மாடு வைத்துக்கொள்வதில்லை என்று விளக்குகிறார். தட்பவெப்பம், சந்தை விலை, மந்தையின் அளவு எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கிற ஒருவரை விவசாயி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

1864-இல் ஓலேயை உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பில் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டுதான் திரும்பினார். அதுவரை சின்னஞ்சிறு பிள்ளைகளோடு அந்தப் புல்வெளியில் குரூ. இலையுதிர் காலத்தில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் கண்ணுக்கெட்டிய வரை தீதான். அப்புறம் 1870-களில் வெட்டுக்கிளிகள் வந்து ஆண்டுக்கணக்கில் விளைச்சலைத் தின்றன.

சட்டத்தையும் சொல்லவேண்டும். 1862-இன் குடியேற்ற நிலச் சட்டப்படி 160 ஏக்கர் பெறலாம், ஐந்து ஆண்டு தங்கிப் பயிரிட்டால் சொந்தம். 21 வயதான, மணமாகாத பெண் விண்ணப்பிக்கலாம், விதவையும் விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழ்கிற பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. உழைப்பு இருவருடையது, பத்திரம் ஒருவர் பெயரில்.

அந்த நிலம் யாருமற்றுக் கிடந்ததும் இல்லை. அது அமெரிக்கப் பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் நிலம். 1851 ஒப்பந்தத்தில் அவர்கள் கையைவிட்டுப் போனது. குரூ கப்பலேறிய 1862-இலேயே பக்கத்து மின்னசோட்டாவில் டகோட்டா போர் மூண்டது. குரூவின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு மனம் வராது.

1878-இல், பத்தாவது பிள்ளை பிறந்தபின் குரூ இறந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. பதினாறு ஆண்டுகளில் பத்துப் பிரசவம், அவற்றுக்கு நடுவே கறவை, வெண்ணெய் கடைதல், தையல், சமையல், பயிர்.

குடியேறியவர்களின் வரலாற்றை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ‘கணவருக்கு உறுதுணையாக இருந்தார்’ என்ற வரியை விட்டுவிடுங்கள். அந்த வேளாண் படிவத்தைத் திறந்து, வெண்ணெய்க் கட்டத்தில் இருக்கிற எண்ணை அவள் பெயருக்கு எதிரே எழுதுங்கள்.